மேரி ராணியும் ஸ்காட்லாந்துப் பிரபுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்து ராணி மேரியின் கதையைப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் "அவர் கணவரைக் கொன்றாரா, இல்லையா?" என்ற ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: அவரைச் சுற்றி இருந்த பிரபுக்கள் எந்தெந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அந்தக் கையெழுத்துக்குப் பதிலாக அவர்களுக்கு என்ன நிலம் கிடைத்தது? இந்தக் கண்ணோடு படித்தால், காதல் கதை என்று நினைத்ததில் பாதி சொத்துத் தகராறாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்படிப் படித்துப் பார்த்து எழுதியதுதான் கீழே இருப்பது.

ஒரு ராணியையே ஆட்டிவைக்கும் அளவுக்கு இந்தப் பிரபுக்களுக்குப் பலம் எங்கிருந்து வந்தது?

முதல் காரணம், அரசர்கள் எல்லோரும் சிறுவர்கள். 1406-க்குப் பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக ஸ்காட்லாந்தில் ஒருவர்கூட வயது வந்தவராக அரியணை ஏறவில்லை. நான்காம் ஜேம்ஸுக்கு 15 வயது, அவர்தான் இருப்பதிலேயே மூத்தவர். ஐந்தாம் ஜேம்ஸ் ஒன்றரை வயதுக் குழந்தை. அவருடைய மகள் மேரி 1542 டிசம்பர் 8-ல் லின்லித்கோ அரண்மனையில் பிறந்தார், 14-ஆம் தேதி அப்பா இறந்துவிட்டார், ஆறு நாள் குழந்தை ராணியாகிவிட்டது.

குழந்தை அரியணையில் இருந்தால் அதற்காக ஆள ஒரு ரீஜண்ட் வேண்டும். ரீஜண்ட் கையில் கருவூலம், பதவி நியமனம், நிலம் கொடுக்கும் அதிகாரம் எல்லாம் வந்துவிடும். ஆக, ஒவ்வொரு முறை ஒரு அரசர் இளவயதில் சாகும்போதும் பெரிய குடும்பங்களுக்கு அடுத்த பதினைந்து வருஷத்துக்கான வாய்ப்பு திறக்கிறது.

இரண்டாவது, அரசாங்கத்துக்கென்று நிரந்தரப் படை கிடையாது. ஒரு ஏர்ல், அதாவது உயர்நிலைப் பிரபு, கூப்பிட்டால் அவருடைய சொந்தக்காரர்களும் குத்தகைக்காரர்களும் குதிரையோடு வந்து நிற்பார்கள். இந்த உறவைப் பத்திரமாகவே எழுதி வைத்தார்கள். அதற்கு பாண்ட் என்று பெயர். "நீ எனக்குப் பாதுகாப்பு, நான் உனக்குச் சேவை" என்பது அதன் சாரம். சாதாரணக் காலத்தில் அது ஊரில் சண்டை வராமல் காக்கும் ஏற்பாடு. ஆனால் இதே பழக்கத்தில்தான் கொலைக்கும் பாண்ட் எழுதினார்கள்.

எல்லோருக்கும் ஜேம்ஸ், ஸ்டூவர்ட் என்றே பெயர் இருக்கிறதே, யார் யார் என்று எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?

பட்டப்பெயரால் ஞாபகம் வையுங்கள். மோரே என்பவர் மேரியின் அப்பாவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன், மேரிக்கு அண்ணன் முறை. ஹாமில்டன்கள் மேரிக்கு அடுத்து அரியணைக்கு உரிமை கொண்டாடிய குடும்பம், லெனாக்ஸ் அவர்களின் பரம எதிரி. டார்ன்லி அந்த லெனாக்ஸின் மகன், மேரியின் இரண்டாவது கணவர். மார்ட்டன் டக்ளஸ் குடும்பத்தவர், பாத்வெல் ஹெப்பர்ன் குடும்பத்தவர். ஹண்ட்லி வடகிழக்கே கார்டன் குலத்தின் தலைவர். மெய்ட்லண்ட் ராணியின் செயலாளர், இவர்களில் மிகக் கூர்மையான மூளை அவருடையது. இந்த எட்டுப் பெயர்கள் போதும்.

முதல் ரீஜண்ட் எப்படிப்பட்டவர்?

ஹாமில்டன் குடும்பத் தலைவர், அரன் ஏர்ல். குழந்தை இறந்தால் அடுத்த அரசர் தானே என்கிற இடத்தில் இருந்தவர். ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருந்தது. அவருடைய அப்பா முதல் மனைவியை விவாகரத்து செய்தது செல்லாது என்று யாராவது நிரூபித்துவிட்டால் அவர் முறையான பிள்ளையே இல்லை என்றாகிவிடும், வாரிசு உரிமை லெனாக்ஸுக்குப் போய்விடும். 1543 ஜூலையில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியின் மகனுக்கு மேரியைக் கட்டிக்கொடுக்க ஒப்பந்தம் போட்டார். அடுத்த சில வாரங்களிலேயே கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர் கார்டினல் பீட்டன் பக்கம் சாய்ந்து பழைய கத்தோலிக்க மதத்துக்குத் திரும்பினார், வருஷ முடிவுக்குள் ஒப்பந்தமும் ரத்தானது. அதன் விலையை எல்லைப்புறத்து ஊர்கள் கொடுத்தன. ஹென்றியின் படைகள் வந்து வருஷக்கணக்கில் கொளுத்தின. அந்தப் போரிலேயே குழந்தை ராணியை 1548-ல் பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டி வந்தது. அரனுக்கு மட்டும் பிரெஞ்சு அரசர் ஷாட்டெல்ரோ டியூக் பட்டம் கொடுத்தார்.

மதச் சீர்திருத்தம் வந்தது இறை நம்பிக்கையாலா, நிலத்துக்காகவா?

இரண்டும்தான். உண்மையாகவே நம்பி உயிரைப் பணயம் வைத்தவர்கள் இருந்தார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் மடங்களின் நிலம் பிரபுக்கள் கைக்கு மாற ஆரம்பித்தது சீர்திருத்தத்துக்கு முன்பே. ஐந்தாம் ஜேம்ஸே திருமணத்துக்கு வெளியே பிறந்த தன் மகன்களைச் சின்ன வயதிலேயே பெரிய மடங்களுக்குத் தலைவர்களாக்கினார். பின்னாளில் மோரே ஏர்லாகப் போகும் பையன் செயின்ட் ஆண்ட்ரூஸ் மடத்தின் தலைவரானபோது அவனுக்கு ஏழு வயது இருக்கும். மடத்தின் வருமானம் அவனுக்கு, பிரார்த்தனை துறவிகளுக்கு. அப்படி வளர்ந்தவர்தான் பிற்பாடு புராட்டஸ்டன்ட் பிரபுக்களின் தலைவர்.

1560-ல் பாராளுமன்றம் போப்பின் அதிகாரத்தை நீக்கியது. அதற்கப்புறம் நில வேட்டை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சம்பவம். 1570 செப்டம்பரில் கசிலிஸ் ஏர்ல், கிராஸ்ராகுயல் மடத்தின் பொறுப்பாளர் ஆலன் ஸ்டூவர்ட்டைப் பிடித்து, கடலோரத்து டன்யூர் கோட்டையின் அடியறைக்குக் கொண்டுபோனார். ஆடையைக் களைந்து, நெருப்புக்கு மேல் கட்டி, உடம்பு சீக்கிரம் கருகிவிடாதபடி எண்ணெய் பூசி வாட்டினார்கள், மடத்து நிலங்களை எழுதிக்கொடுக்கும்வரை. முதல் தடவை கையெழுத்துப் போட்ட பிறகும் திருப்தி இல்லை, சில நாள் கழித்து மறுபடி. ஆலன் ஸ்டூவர்ட் உயிர் பிழைத்து இதை முறையீடாகவே எழுதிக்கொடுத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. நாட்டின் மிகப் பழைய குடும்பங்களில் ஒன்றின் தலைவர் செய்த காரியம் இது.

மேரி பிரான்ஸிலிருந்து திரும்பியதும் முதலில் அழிந்தது ஒரு கத்தோலிக்கப் பிரபுவாமே, அது எப்படி?

நான்காம் ஹண்ட்லி ஏர்ல்தான் அவர். முதல் கணவரான பிரெஞ்சு அரசர் இறந்த பின் 1561 ஆகஸ்டில் 18 வயது விதவையாக மேரி லீத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். நாட்டின் பெரிய கத்தோலிக்கத் தலைவர் ஹண்ட்லி, மேரியும் கத்தோலிக்கர். ஆனால் ஹண்ட்லி அனுபவித்துவந்த மோரே நிலங்களை மேரி தன் அண்ணனுக்கு ஏர்ல் பட்டத்தோடு கொடுத்தார். தகராறு முற்றி 1562 அக்டோபர் 28-ல் காரிச்சியில் சண்டை நடந்தது. பிடிபட்ட ஹண்ட்லி குதிரையில் உட்கார்ந்திருந்தபடியே சரிந்து இறந்துபோனார்.

அத்தோடு விடவில்லை. தேசத்துரோக வழக்கில் ஒருவர் ஆஜராகி தண்டிக்கப்பட்டால்தான் குடும்பச் சொத்தைப் பறிமுதல் செய்ய முடியும். அதனால் உடலைப் பதப்படுத்தி எடின்பரோவுக்குக் கொண்டுவந்து, அடுத்த மே மாதம் பாராளுமன்றத்தில் சவப்பெட்டியோடு வைத்து விசாரித்து, குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள். பதினாறாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காட்சி காட்டு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

டார்ன்லியை மேரி ஏன் திருமணம் செய்தார்?

இங்கிலாந்து அரியணைக்காக. மேரி, டார்ன்லி இருவருமே எட்டாம் ஹென்றியின் அக்கா மார்கரெட் டியூடரின் பேரப்பிள்ளைகள், இருவர் உரிமையும் ஒரே வீட்டில் சேர்ந்தால் பலம். ஆள் உயரமாக, அழகாக இருந்தார், மேரிக்குப் பிடித்தும் இருந்தது. 1565 ஜூலை 29-ல் திருமணம். ஆனால் இதனால் லெனாக்ஸ் குடும்பம் உச்சிக்குப் போனது. ஹாமில்டன்களும் மோரேயும் கலகம் செய்து தோற்று நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களின் நிலங்களைப் பறிக்க 1566 மார்ச்சில் பாராளுமன்றம் கூடுவதாக இருந்தது. இந்தத் தேதியைக் கொஞ்சம் மனசில் வையுங்கள்.

ரிச்சியோவைக் கொன்றது பொறாமையாலா?

டார்ன்லிக்குப் பொறாமை இருந்தது உண்மை. டேவிட் ரிச்சியோ இத்தாலியிலிருந்து வந்த பாடகர், மேரியின் பிரெஞ்சுக் கடிதங்களைக் கவனிக்கும் செயலாளராக உயர்ந்தவர். ஆனால் பொறாமை ஒரு ஆளுக்குத்தான். அவரோடு சேர்ந்து பாண்டில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு வேண்டியது வேறு. நாடு கடந்தவர்கள் திரும்பி வரவேண்டும், நிலம் பறிபோகக்கூடாது. பதிலுக்கு டார்ன்லிக்கு, மேரி வாரிசில்லாமல் இறந்தாலும் தானே அரசராக நீடிக்கும் உரிமையை வாங்கித் தருவதாக வாக்கு.

1566 மார்ச் 9, சனிக்கிழமை இரவு. ஹோலிரூட் அரண்மனையில் ராணியின் படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன அறை, நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் நிறைந்துவிடும். மேரி ஆறு மாதக் கர்ப்பிணி. தனிப் படிக்கட்டு வழியாக டார்ன்லி முதலில் வந்து மேரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து லார்டு ரத்வென். சாகக் கிடக்கும் நோயாளி, முகம் வெளிறி, அங்கிக்குள் கவசம். ரிச்சியோவை வெளியே அனுப்பச் சொன்னார். கைகலப்பில் மேசை கவிழ, அறையே இருட்டாகாமல் ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டது மேரியின் அப்பாவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகளான ஆர்கைல் கோமகள். ரிச்சியோ மேரியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதறினார், விரல்களைப் பிரித்து இழுத்துப் போனார்கள். உடம்பில் ஐம்பதுக்கும் மேல் குத்துக்கள். டார்ன்லியின் குத்துவாளை வேண்டுமென்றே உடலில் விட்டுவிட்டுப் போனார்கள், அவரும் கூட்டாளி என்று எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காக.

அந்தப் பாராளுமன்றக் கூட்டம் நடக்கவில்லை. மோரே மறுநாளே எடின்பரோவுக்குள் வந்துவிட்டார்.

மேரி இரண்டே நாளில் டார்ன்லியைத் தன் பக்கம் இழுத்து, நடுராத்திரி அவரோடு அரண்மனையிலிருந்து தப்பி டன்பார் கோட்டைக்குக் குதிரையில் போனார். வயிற்றில் குழந்தையோடு அந்தத் தூரம். டார்ன்லி தனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்தார். கோபமான கூட்டாளிகள் அவர் கையெழுத்துப் போட்ட பாண்டையே மேரிக்குக் கிடைக்கச் செய்தார்கள். டார்ன்லியின் சாவு அன்றைக்கே முடிவாகிவிட்டது என்பது என் எண்ணம்.

கிர்க் ஓ ஃபீல்டில் உண்மையில் என்ன நடந்தது?

டார்ன்லி கிளாஸ்கோவில் நோயில் படுத்திருந்தார். மேரி போய் அழைத்துவந்து, எடின்பரோ நகர மதிலை ஒட்டிய கிர்க் ஓ ஃபீல்ட் வீட்டில் தங்கவைத்தார். 1567 பிப்ரவரி 9 ஞாயிறு மாலை கணவரைப் பார்த்துவிட்டு, தன் வேலைக்காரர் ஒருவரின் திருமணக் கொண்டாட்டத்துக்காக அரண்மனை திரும்பினார். அதிகாலை இரண்டு மணி வாக்கில் வெடிமருந்து வைத்து அந்த வீட்டைத் தகர்த்தார்கள். ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை.

ஆனால் டார்ன்லியும் அவருடைய பணியாளர் டெய்லரும் வெடியில் சாகவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் இரவுச் சட்டையோடு கிடந்தார்கள், தீக்காயமோ கத்திக்குத்தோ இல்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேலங்கி, ஒரு குத்துவாள். இதை ஒருவர் உடனே படமாக வரைந்து இங்கிலாந்து அமைச்சர் செசிலுக்கு அனுப்பினார், அந்தப் படம் இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சத்தம் கேட்டு விழித்து, கயிற்றிலோ நாற்காலியிலோ இறங்கித் தப்பி ஓடும்போது பிடித்து மூச்சை நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. உறவினர்களே இரக்கம் காட்டுங்கள் என்று கெஞ்சும் குரலைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டதாகவும் ஒரு பதிவு உண்டு. டார்ன்லியின் அம்மா டக்ளஸ் குடும்பம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, யார் செய்தது? மேரிக்குத் தெரியுமா?

வெடிமருந்து பாத்வெலின் வேலை, அதில் சந்தேகமில்லை. தோட்டத்தில் நடந்தது டக்ளஸ் ஆட்களின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே கிரெய்க்மில்லர் கோட்டையில் மோரே, மெய்ட்லண்ட், பாத்வெல், ஹண்ட்லியின் மகன், ஆர்கைல் ஏர்ல் எல்லோரும் மேரியோடு பேசி, டார்ன்லியை விலக்க வழி தேடினார்கள். தன் மானத்துக்கு இழுக்கு வரும் எதையும் செய்யக்கூடாது என்று மேரி சொன்னதாகப் பதிவு. ஏதோ நடக்கப்போகிறது என்று மேரிக்குத் தெரிந்திருக்கும், என்ன, எப்போது என்பது தெரிந்திருக்காது. நான் படித்த அளவில் என் முடிவு இது.

மோரே கொலைக்கு முந்தின நாள் கர்ப்பம் கலைந்த மனைவியைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார். ரிச்சியோ கொலையன்று இங்கிலாந்தில். மேரியை பாத்வெல் கடத்தும்போது பிரான்ஸ் போகும் வழியில். காரணம் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் மூன்று முறையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

பாத்வெலை மேரி விரும்பித்தான் மணந்தாரா?

காலவரிசையைப் பாருங்கள். ஏப்ரல் 12, பாத்வெல்மீது கொலை வழக்கு. குற்றம்சாட்டிய லெனாக்ஸ் ஆறு பேரோடுதான் நகருக்குள் வரலாம் என்று உத்தரவு, பாத்வெலின் ஆட்களோ தெருவை நிறைத்திருந்தார்கள். லெனாக்ஸ் வரவில்லை, பாத்வெல் விடுதலை. ஒரு வாரத்தில் எய்ன்ஸ்லி விடுதியில் விருந்து. பாத்வெல் குற்றமற்றவர், ராணிக்குத் தகுந்த கணவர் என்ற பாண்டில் பிஷப்புகளும் ஏர்ல்களும் லார்டுகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்து. மார்ட்டனும் அதில் ஒருவர். ஏப்ரல் 24, டார்ன்லிக்குப் பிறந்த தன் கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு ஸ்டிர்லிங்கிலிருந்து திரும்பும் மேரியை வழிமறித்து பாத்வெல் டன்பாருக்குக் கொண்டுபோனார். மே 15, ஹோலிரூட்டில் புராட்டஸ்டன்ட் முறையில் திருமணம்.

டன்பாரில் அவரை வன்முறைக்கு ஆளாக்கினார் என்று அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண்ணைக் கடத்தி, அடைத்துவைத்து, ஊர்ப் பெரியமனிதர்கள் இத்தனை பேர் கையெழுத்தைக் காட்டி, இனி உனக்கு வேறு வழியில்லை என்று சொன்ன பிறகு நடந்த திருமணத்தைக் காதல் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கையெழுத்துப் போட்டவர்களே ஏன் ஒரு மாதத்தில் எதிர்த்துக் கிளம்பினார்கள்?

பாத்வெல் ஒருவர் கையில் எல்லாம் போவதை மற்றவர்கள் பொறுக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு காரணம் இருக்கிறது, கதைகளில் யாரும் சொல்வதில்லை. சிறுவயதில் தன் பெயரால் கொடுக்கப்பட்ட நிலங்களை, 25 வயது முடிவதற்குள் அரசர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பது ஸ்காட்லாந்து வழக்கம். மேரிக்கு 1567 டிசம்பரில் 25. அந்த ஏப்ரல் பாராளுமன்றத்திலேயே மோரே, மார்ட்டன், ஹண்ட்லியின் மகன் போன்றவர்களின் நிலங்களை உறுதிப்படுத்திக்கொண்டார்கள். ஆனாலும் மேரி இருக்கும்வரை நிம்மதியில்லை. அரியணையில் மறுபடி ஒரு வயதுக் குழந்தை வந்தால்? இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் கவலையில்லை.

ஜூன் 15, கார்பரி குன்றில் இரண்டு படைகளும் நாள் முழுக்க வெயிலில் நின்றன. எதிர்ப்பக்கம் தூக்கிப்பிடித்த கொடியில் மரத்தடியில் டார்ன்லியின் பிணம், பக்கத்தில் மண்டியிட்டு நீதி கேட்கும் குழந்தை. பாத்வெல் போக வழிவிட்டார்கள், மேரி சரணடைந்தார். லாக்லீவன் ஏரித்தீவுக் கோட்டையில் அடைபட்டு, இரட்டைக் கரு கலைந்து படுத்திருந்தபோது ஜூலை 24-ல் முடிதுறக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மோரே ரீஜண்ட்.

வெள்ளிப் பெட்டிக் கடிதங்கள் உண்மையானவையா?

மேரி பாத்வெலுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் எட்டுக் கடிதங்கள், சில பாடல்கள், திருமண ஒப்பந்தங்கள். பாத்வெலின் வேலைக்காரர் பிடிபட்டதும் ஒரு வெள்ளிப் பெட்டியில் மார்ட்டன் கையில் கிடைத்ததாகச் சொன்னார்கள். மேரி 1568-ல் சிறையிலிருந்து தப்பி, தோற்று, இங்கிலாந்துக்குள் நுழைந்த பிறகு, அங்கே நடந்த விசாரணையில் மோரே இவற்றைக் காட்டினார். மேரிக்கு மூலங்களைப் பார்க்க அனுமதியே கிடைக்கவில்லை. முடிவில் இங்கிலாந்து ராணி எலிசபெத் இரண்டு பக்கமும் எதுவும் நிரூபணமாகவில்லை என்று சொல்லிவிட்டு, மோரேவுக்கு 5,000 பவுண்டு கடன் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். மேரி மட்டும் காவலில் தொடர்ந்தார். 1584-க்கு அப்புறம் மூலங்களைப் பார்த்தவர் இல்லை. உண்மைக் கடிதங்களில் நடுநடுவே கைவைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

ரீஜண்ட் பதவிக்கு இவ்வளவு அடித்துக்கொண்டார்களே, கடைசியில் அவர்களுக்கு என்ன ஆனது?

மோரேவை 1570 ஜனவரி 23-ல் லின்லித்கோ தெருவில், ஆர்ச்பிஷப் ஹாமில்டனின் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு ஹாமில்டன் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அந்த ஆர்ச்பிஷப்பை அடுத்த வருஷம் தூக்கில் போட்டார்கள். அடுத்த ரீஜண்ட் லெனாக்ஸ் 1571-ல் ஸ்டிர்லிங்கில் சுடப்பட்டு இறந்தார். அவருக்குப் பிறகு ரீஜண்டான மார் ஏர்ல் ஒரு வருஷம்தான், நோயில் போய்விட்டார். அப்புறம் மார்ட்டன், கெட்டிக்காரர், ஐந்து வருஷத்துக்கும் மேல் நாட்டை இரும்புக் கையால் ஆண்டார். 1581 ஜூன் 2-ல் டார்ன்லி கொலைக்கு உடந்தை என்று அவர் தலையை வெட்டினார்கள். வெட்டியது 'மெய்டன்' என்ற இயந்திரம், எடின்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். சாவதற்குமுன் மார்ட்டன் ஒப்புக்கொண்டது: பாத்வெல் வந்து கூப்பிட்டார், ராணியின் கையெழுத்தோடு வந்தால் சேர்கிறேன் என்றேன், கையெழுத்து வரவில்லை. முன்கூட்டியே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரிடம் சொல்வது, டார்ன்லியிடம் சொன்னால் ராணியிடம் போய்விடும் என்றார்.

பாத்வெல் டென்மார்க் அரசரின் சிறையில் 1578-ல் இறந்தார்.

நல்லபடியாக வாழ்ந்தவர்கள் யாருமே இல்லையா?

ஒருவர் உண்டு, பாத்வெலின் மனைவி ஜீன் கார்டன். பிணமாக விசாரிக்கப்பட்ட அந்த ஹண்ட்லியின் மகள். 1566 பிப்ரவரியில் பாத்வெலை மணந்தபோது இருவரும் தூரத்துச் சொந்தம் என்பதால் ஆர்ச்பிஷப் ஹாமில்டன் விதிவிலக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷம் மே மாதம், பாத்வெல் ராணியை மணக்க வேண்டியிருந்தபோது, அதே ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றம் விதிவிலக்கு இல்லாமல் நடந்த திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பத்திரம் ஜீனின் கையில் இருந்தது. அவர் அதைக் காட்டவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. முன்னூறு வருஷம் கழித்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் டன்ராபின் கோட்டையின் காகிதங்களுக்கு நடுவில் அது கிடைத்தது.

விவாகரத்துக்குப் பிறகும் பாத்வெலிடமிருந்து வந்த நிலங்களின் வருமானத்தை அவர் விடவில்லை. சதர்லண்ட் ஏர்லை மணந்து, நோயாளிக் கணவரின் நிலங்களைத் தானே நிர்வகித்து, 1598-ல் ப்ரோராவில் நிலக்கரிச் சுரங்கமும் உப்பளமும் தொடங்கினார். சதர்லண்ட் ஏர்ல் 1594-லேயே இறந்திருந்தார். இளம் வயதில் விரும்பியும் மணக்க முடியாமல் போன அலெக்சாண்டர் ஓகில்வியை 1599-ல், ஐம்பது வயதைக் கடந்த பின் திருமணம் செய்துகொண்டார். 1629 வரை உயிரோடு இருந்தார்.